கேட்காத நாலு நம்பர்

ஐஸ்பெட்டி அக்கா போனை முதலில் வைத்து நான் பார்த்ததே இல்லை. எதிர்முனையில் இருப்பவர்தான் வைக்க வேண்டும். அதுவரை காதில் ஒட்டவைத்த மாதிரி போன் அப்படியே இருக்கும்.

பட்டாபிராம் ஸ்டேஷன் ரோட்டில் என் ஜெராக்ஸ் கடையும் அவர் கடையும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வெளியூர் சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை இறந்தவரை வைத்திருக்கும் கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பெட்டி இரண்டு, ஒரு பழைய மினி வேன், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு சிலுவை. அவ்வளவுதான். அவருக்கு அழகான பெயர் ஒன்று இருந்தது. அதை மாதா கோயிலில் மட்டும்தான் யாராவது கூப்பிடுவார்கள். தெருவுக்கு அவர் ஐஸ்பெட்டி அக்கா. அதற்காக அவர் கோபித்துக்கொண்டதும் கிடையாது. பெட்டிகளுக்கே பெரியவன், சின்னவன் என்று பேர் வைத்திருந்தவர், தன் பேருக்கா அலட்டிக்கொள்ளப்போகிறார்?

போன் வரும். "சொல்லு கண்ணு" என்பார். பிறகு ஒன்றும் பேசமாட்டார். எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் அழுகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "அழுவு, அழுவு. நான் லைன்லதான் கீறேன்" என்பார். மறுபடியும் பேச்சில்லை. நான் அதற்குள் பத்துப் பக்கம் ஜெராக்ஸ் எடுத்து, ஆதார் லேமினேஷன் ஒன்று போட்டு, சில்லறைக்குச் சண்டை பிடித்து அனுப்பியிருப்பேன். அவர் அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசியில் மூன்றே கேள்வி. எத்தனையாவது மாடி? படிக்கட்டு திரும்புதா? பக்கத்து ஊட்டுல யாருனா கீறாங்களா, அவங்ககிட்ட போனைக் குடு. மற்றதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்வார்.

வீட்டுக்குள் போனாலும் அப்படித்தான். அழுகிற ஆளிடம் பிளக் பாயின்ட் எங்கே என்றுகூடக் கேட்கமாட்டார். தானே சுவரோரமாகத் தேடுவார். மேஜையை நகர்த்த வேண்டுமென்றால் தெருவில் நிற்கிறவர்களைக் கூப்பிடுவார். அவரும் அவருடைய கொழுந்தனாரும் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிடுவார்கள்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்க்கா, அவ்ளோ நேரம் லைன்ல இருக்கியே, அதுக்குள்ள இன்னும் ரெண்டு பேர் அடிச்சு, பிஸின்னு வந்து, வேற எடத்துக்குப் போயிருப்பாங்களே. அட்ரெஸைக் கேட்டமா வெச்சமான்னு இருக்க வேணாமா?" என்றேன்.

அவர் சின்னவனின் கண்ணாடியை டெட்டால் தண்ணியில் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார். "எங்கூட்டுக்காரரு போனப்ப நான் ஒருத்தனுக்குப் போன் போட்டேன். 'அழுவாத, அட்ரெஸ் சொல்லு, அழுவாத, அட்ரெஸ் சொல்லு'ன்னுகினே இருந்தான். எனுக்கு எங்கூட்டு அட்ரெஸே வாயில வரல கண்ணு. இருவது வருசம் குந்திகினு இருந்த ஊடு. வரல. வெச்சிட்டான்."



அவருக்கு டெக்னாலஜி ஆகாது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆசைதான் இருந்தது. பட்டன் போனிலிருந்து டச் போனுக்கு எங்கள் வரிசையில் எனக்கு முன்னாலேயே மாறியவர் அவர். ஆனால் போன் அவரைப் படுத்திய பாடு! ஒருமுறை ஏதோ கம்பெனி அழைப்பில் தெரியாமல் ஸ்டார் பட்டனை அழுத்தித் தொலைத்திருக்கிறார். காலர் ட்யூன் வந்து உட்கார்ந்துகொண்டது. நல்ல தாரை தப்பட்டைக் குத்துப் பாட்டு. தன் நம்பருக்குத் தானே யார் அடித்துப் பார்ப்பார்கள்? மூன்று நாள் அவருக்குத் தெரியாது. ஆவடியிலிருந்து ஒரு பெரியவர்தான், "எங்கூட்ல சாவு வுழுந்துகீது, உனுக்குக் குத்துப் பாட்டு கேக்குதா?" என்று கத்தியிருக்கிறார்.

கடைக்கு ஓடிவந்தார். முகம் செத்துப்போயிருந்தது. "இதை நிறுத்து கண்ணு, நிறுத்து" என்று போனை என் மேஜைமேல் போட்டார். நிறுத்திக்கொடுத்தேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, சிரித்தும்விட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த மூன்று நாளில் போன் செய்த வீடு நாலு. நாலு வீட்டுக் காரியத்துக்கும் போய், பந்தலுக்கு வெளியே நின்று, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். ஒரு வீட்டில் அவர் யாரென்றே தெரியாமல் சாப்பிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு காலம் மாறியது. யாராவது இறந்தால் பக்கத்துவீட்டுக்காரரிடம் நம்பர் வாங்கியது போய், போனில் 'ஃப்ரீசர் பாக்ஸ்' என்று அடித்துத் தேட ஆரம்பித்தார்கள். தேடினால் விளம்பரம் கொடுத்த கம்பெனிகள் முதலில் வரும். அக்கா எங்குமே வரமாட்டார். வாரத்தில் நாலைந்து முறை கிளம்பிய வேன் ஒருமுறைதான் கிளம்பியது. பெரியவனும் சின்னவனும் கடைக்குள் பக்கம்பக்கமாகச் சும்மா கிடந்தார்கள். அவர் அவற்றைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இங்கேதான் நான் நுழைகிறேன். என் புத்தியை என்னவென்று சொல்ல! எனக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும், அந்தத் திமிர். மேப்பில் கடையை ஏற்றினேன். போட்டோ எடுத்துப் போட்டேன். பிசினஸ் வாட்ஸப் போட்டு, அதில் யார் மெசேஜ் அனுப்பினாலும் தானாகப் பதில் போகிற மாதிரி செய்தேன். 'வணக்கம்! எங்களைத் தொடர்புகொண்டதில் மிக்க மகிழ்ச்சி. சற்று நேரத்தில் பேசுகிறோம்.' முடிவில் ஒரு ரோஜாப்பூ.

படித்துக் காட்டியபோது அக்கா கொஞ்சம் யோசித்தார். "மகிழ்ச்சின்னு வேணாமே கண்ணு."

"எல்லா கடையிலயும் இப்படித்தான்க்கா போடறாங்க. சரி, அப்புறம் மாத்தித் தரேன்" என்றேன். மறந்துபோனேன்.

அதோடு விட்டேனா? மேப்பில் மேலே வர வேண்டுமானால் ஸ்டார் வேண்டும். அக்காவின் போனை வாங்கி, பழைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் 'எங்கள் சேவை எப்படி இருந்தது? ஐந்து ஸ்டார் கொடுங்கள்' என்று தட்டிவிட்டேன். இரண்டாம் நாள் ஒருவர் வந்தார். மனைவியைப் பறிகொடுத்து இருபது நாள்கூட ஆகாதவர். சண்டை போடவில்லை. போனை நீட்டிக் காட்டி, "இதை யாரும்மா அனுப்புனது?" என்று மட்டும் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டார். "நான்தான்பா. தப்புதான். மன்னிச்சிக்க." அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். நான் என் கடைக்குள் போய் ஓடாத மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தேன். அப்புறமும் அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஸ்டாரும் வரவில்லை, போனும் வரவில்லை. கடைசியில் அந்த விளம்பரக் கம்பெனிகளில் ஒன்றிலேயே சேர்ந்தார். பெட்டி, வேன் எல்லாம் இவருடையது. ஆர்டர் மட்டும் கம்பெனி ஆப்பில் வரும். பதிவு செய்துகொடுத்ததும் நான்தான். கம்பெனி டி-ஷர்ட்டைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். "ஸ்கூல் புள்ள மாரி கீறேனா?" என்று சிரித்தார்.

முதலில் அவருக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். "பாத்தியா, அட்ரெஸ் தானா வந்துடுது. அழுவுறவங்களாண்ட அட்ரெஸ் கேக்க வேணாம். நல்லதுதான?" என்றார். ஆனால் குரல் வராது. யார், எவர் என்று பேர்கூட வராது. கதவு எண், மாடி, மேப்பில் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்ட வேண்டும். நடுவில் வேறு போன் வந்து எடுத்தால் மேப் மறைந்து வழி தவறிவிடும். அதனால் ஆர்டரில் இருக்கும்போது அவர் போன் எடுப்பதை நிறுத்தினார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெட்டியை இறக்கியதும் வீட்டுக்காரரின் போனுக்கு வந்த நாலு நம்பர் ஓ.டி.பி.யை வாங்கி ஆப்பில் போட வேண்டும். போடும்வரை ஆப் கீங் கீங் என்று கத்திக்கொண்டே இருக்கும். போட்டால்தான் வேலை செய்ததாகக் கணக்கு. போடாவிட்டால் ஆர்டர் கேன்சல். மூன்று கேன்சல் ஆனால் ஐடி கட், அப்புறம் ஆர்டரே வராது.

முதல் கேன்சல் சென்னீர்குப்பத்தில். ஆர்டர் போட்ட பெண், அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாள். போன் அவள் கைக்குள். அக்கா வாசலில் அரைமணி நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டார். இரண்டாவது ஆவடியில். பெங்களூரிலிருந்து மகன் ஆர்டர் போட்டிருக்கிறான். நம்பர் அவன் போனுக்குப் போயிருக்கிறது, அவன் பஸ்ஸில் சிக்னல் இல்லாமல் வந்துகொண்டிருக்கிறான். அதில் அக்காவின் தப்பு ஒன்றுமில்லை. கம்பெனிக்கு அதெல்லாம் தெரியுமா?

நான் சத்தம் போட்டேன். "நாலே நாலு நம்பர்க்கா. கேட்டா என்ன குறைஞ்சு போயிடும்?"

"நீ கேளு பாப்போம்."

"ஓ, கேப்பேனே!"

"பொணத்தாண்ட குந்தி அழுவுறவளை எழுப்பி, போனைத் தேடு, மெசேஜைத் தொற, நம்பரைச் சொல்லுன்னு கேப்பியா? எனுக்கு நாக்கு எழல கண்ணு. பயமாத்தான் கீது. வேன் டயரு பூடும் போலகீது, கொழுந்தனுக்கு வேற வேலை கெடையாது. இன்னொரு தபா ஆச்சின்னா அவ்ளோதான். தெரியுது. நாக்கு எழல."

எனக்குக் கோபம் போய் அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அடுத்த தடவை எனக்கு ஒரு போன் அடிக்கா. பூந்தமல்லியா இருந்தாலும் சரி, கடையைச் சாத்திட்டு ஷேர் ஆட்டோ பிடிச்சு வந்து நான் கேட்டுக் குடுக்கறேன். எனக்கு வெக்கமே கிடையாது, உனக்குத்தான் தெரியுமே."

"அது தெரியும்" என்று சிரித்தார். "சரி, அடிக்கிறேன்."

என் அப்பா மண்ணூர்பேட்டையில் தம்பி வீட்டில் இருந்தார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நாலு நாளாகவே மூச்சு சரியில்லை என்று நானும் அங்கேதான் இருந்தேன். ஒரு வியாழக்கிழமை காலை, டிபனுக்கு முன்னால், கையைப் பிடித்திருந்தேன், போய்விட்டார். இப்படித்தான் நடக்கும் என்று எனக்குத் தெரியும், தெரிந்திருந்தும் என்ன? 

முதலில் ஞாபகம் வந்தது அக்காதான். போன் அடித்தேன். அடித்து அடித்து நின்றது. அக்கா எடுக்காத போன்! திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. வாட்ஸப்பில் 'அக்கா அப்பா போயிட்டார்' என்று அனுப்பினேன். அனுப்பிய வேகத்தில் பதில் வந்தது.

'வணக்கம்! எங்களைத் தொடர்புகொண்டதில் மிக்க மகிழ்ச்சி.'

ரோஜாப்பூவோடு. நான் எழுதியது. ஐயோ, ஒரு வார்த்தைகூட மாறாமல் அப்படியே இருந்தது. போனை மூலையில் வீசினேன்.

தம்பி, "நான் அப்பவே ஆப்ல போட்டுட்டேன்க்கா. கிளம்பிட்டாங்களாம்" என்றான். அவன் போனில் தேடி, முதலில் வந்த கம்பெனியை அழுத்தியிருக்கிறான். அந்த நேரத்தில் யார்தான் யோசிப்பார்கள்?

கொஞ்ச நேரத்தில் கீழே வேன் சத்தம். படிக்கட்டில் பேச்சுக்குரல். "இங்க திரும்புது. தலைமாட்டைத் தூக்கு, நிமுத்து, நிமுத்து." அந்தக் குரலுக்கு நான் எழுந்து நின்றுவிட்டேன். டி-ஷர்ட்டும் சேலையுமாக அக்கா கதவருகே வந்தார். என்னைப் பார்த்ததும் பெட்டியின் பிடியை விட்டுவிட்டார். கொழுந்தனார் தடுமாறிப் பிடித்துக்கொண்டார்.

"உங்கூடா கண்ணு?" என்றார். "பேர் போடலியே அதுல. நீ அடிச்சது வண்டியில பாத்தேன், வந்து பேசிக்கலாம்னு... பேர் போடலியே கண்ணு."

பெரியவனைத்தான் கொண்டுவந்திருந்தார். தானே சுவரோரமாக நடந்து, டிவி பின்னால் பிளக்கைக் கண்டுபிடித்தார். கீழ்வீட்டு ஆளைக் கூப்பிட்டு சோபாவை நகர்த்தினார். அப்பாவை உள்ளே வைத்தபோது அவர் வேட்டியைச் சரிசெய்தது அக்காதான். பிறகு என்னிடம் வந்து தரையில் உட்கார்ந்தார். நான் அவர் தோளில் சாய்ந்தேன். அந்த டி-ஷர்ட்டில் டெட்டால் வாசனை. "அழுவு, அழுவு" என்றார். எனக்கு எத்தனை நேரம் என்று தெரியாது.

அவர் மடியில் போன் கீங் கீங் என்று கத்திக்கொண்டே இருந்தது. அதை நான் கேட்டேன். நன்றாகக் கேட்டேன், காதுக்குப் பக்கத்தில்தானே இருந்தது. அவர் அதைக் கவிழ்த்துவைத்து மேலே கையை வைத்தார். மறுபடியும் கத்தியது. அது என்ன சத்தம் என்று அவரை விட்டால் அந்த வீட்டிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். தம்பி ரெண்டடி தள்ளி, கையில் போனோடு நின்றுகொண்டிருந்தான். "அந்த நம்பரைச் சொல்லுடா" என்று ஒரு வார்த்தை. என் வாயிலிருந்து வரவில்லை. தோன்றவே இல்லை.

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்ததும் அவர் எழுந்தார். என் தலையைத் தடவிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, இறங்கிப் போனார். மறுநாள் பெட்டியை எடுக்கக் கொழுந்தனார் மட்டும்தான் வந்தார்.

மூன்றாம் நாள், பால் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது தம்பி சொன்னான். "அந்தக் கம்பெனிக்காரன் என்னக்கா, ஆர்டர் கேன்சல்னு மெசேஜ் போட்டிருக்கான்? நாலு நம்பர் வேற வந்திருக்கு. யாரும் கேக்கவே இல்லையே."

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். நாலு நம்பரும் இருந்தது. அதன் கீழே, நேரம் முடிந்தது என்று.

அப்படியே கிளம்பிவிட்டேன். குளித்த தலை காயவில்லை, அத்தை "துக்க வீட்டை விட்டு எங்கடி போறே" என்று கத்தினாள். வழியெல்லாம் அந்தக் கம்பெனி நம்பருக்கு அடித்தேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. அழுத்தினேன். பாட்டு வந்தது. பட்டாபிராம் ஸ்டேஷனில் இறங்கும்வரை பாட்டுதான் வந்தது.

அக்கா கடையில் இருந்தார். டி-ஷர்ட் மடித்து நாற்காலிமேல் இருந்தது. பெரியவனின் மூடியைத் திறந்துவைத்து உள்ளே துடைத்துக்கொண்டிருந்தார். கொழுந்தனார் வேனை விற்க விலை பேச யாரையோ பார்க்கப் போயிருப்பதாகச் சொன்னார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவர்மேலா, என்மேலா, தெரியவில்லை.

"அறிவிருக்காக்கா உனக்கு? நான்தானே அங்க இருந்தேன்! வேற யாருமா? நான்! என்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல? எனக்கு ஒரு போன் அடிக்கிறேன்னு சொன்னியே!"

அவர் துணியைப் பிழிந்து பெட்டியின் விளிம்பில் போட்டார். நான் என்னமோ சின்னப்பிள்ளைக் கேள்வி கேட்டுவிட்ட மாதிரி பார்த்தார்.

"உனுக்குதான் அடிக்கலாம்னு போனை எடுத்தேன் கண்ணு" என்றார். "நீ எந்தோள்ல அழுதுகினு கீறியே."